ஓசிடி மாத்திரை: முதல் 12 வாரங்களை ஓட்டுவது எப்படி

ஓசிடி என்பது வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்து, ஒரே செயலைச் சடங்குபோலத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலக் கோளாறு. அதற்கு எனக்கு எழுதித் தந்தது செர்ட்ராலின் என்ற மாத்திரை. 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல 150 வரை ஏற்றினார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் குமட்டல் படுத்தி எடுத்தது. வெறும் வயிற்றில் போடுவதை நிறுத்தி, சாப்பிட்டபின் போட்டேன், அடங்கியது. தூக்கம் கெட்டால், மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பலனோ ஆமை வேகம். ஆறாவது வாரத்திலும் பூட்டை ஏழெட்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8 முதல் 12 வாரம் வரை பொறுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து மாற்றும் பேச்சே வரும். முன்னேற்றத்தை எழுதி வையுங்கள், ஆனால் வாரம் ஒருமுறை மட்டும். நான் தினமும் எண்ணப்போய், அதுவே புதுச் சடங்காகிவிட்டது!

பாலுறவில் நாட்டம் குறைந்ததைச் சொல்ல மூன்று மாதம் கூச்சப்பட்டேன். வீண். மருத்துவர் தினமும் கேட்கிற விஷயம் அது. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது என்று வழிகள் உண்டு.

ஒருமுறை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் சுரீர். அப்புறம் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைத்தேன்.

ஓசிடிக்கான இன்னொரு மருந்தான க்ளோமிப்ரமின் தந்தால் வாய் உலரலாம், மலச்சிக்கல் வரலாம். இதயத் துடிப்பைச் சோதிக்க ஈசிஜி எடுக்கச் சொல்லலாம்.

எந்த மருந்தானாலும், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே, தொடக்கத்தில் தற்கொலை எண்ணமோ கடும் பதற்றமோ வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.