பார்டர் காலி வளர்க்க ஆசையா? முதலில் உங்கள் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள்

பார்டர் காலி வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள், "ரொம்ப அறிவாளி நாயாமே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உண்மைதான். சேஸர் என்ற பார்டர் காலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னாலே எடுத்து வந்தது. 2011-இல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. ஆனால் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஒருவர் தினமும் நாலைந்து மணி நேரம் அதற்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

நீங்கள் வேலை கொடுக்காவிட்டால் அந்த மூளை தானே வேலை தேடிக்கொள்ளும். எங்கள் வீட்டு பார்டர் காலி சமையலறைக் கதவின் கைப்பிடியை அழுத்தித் திறக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். அடுத்து ஃபிரிட்ஜ்.

அதனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று எல்லோருமே நல்லவர்கள். காலையும் மாலையும் நடை, நடுவில் பயிற்சி, இதெல்லாம் எங்கே நுழையும்? ஒரு மாதம் நாய் இல்லாமலே அந்த நேரத்துக்கு எழுந்து, மழையிலும் நடந்து பாருங்கள். எரிச்சல் வந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோரும் நாள் முழுக்க வெளியே இருப்பவர்கள் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். பெரிய தோட்டம் இருக்கிறதே என்பார்கள். தனியாக விட்டால் தோட்டத்திலும் அதற்குச் சலிப்புதான்.

ஓடவிட்டால் களைத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். ஓட ஓட அதன் தெம்புதான் கூடும். தீனியை ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடச் சொல்வது, புதுக் கட்டளை பழக்குவது, இவைதான் அதைக் களைக்க வைக்கும். சும்மா பாயில் படுத்திருக்கவும் பழக்க வேண்டும், அதுதான் கஷ்டமான பாடம்.

சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா? ஆடு மேய்க்க உருவான இனம் இது. ஓடும் குழந்தையையும் சைக்கிளையும் பதுங்கி, முறைத்து, மடக்கப் பார்க்கும். சில நாய்கள் குதிகாலைக் கவ்வவும் செய்யும். கோபத்தில் செய்வதில்லை, ஆனால் விருந்தாளியின் பிள்ளைக்கு அது தெரியுமா? லேசர் விளக்கு காட்டி விளையாடவே வேண்டாம். சில நாய்கள் அப்புறம் நிழலையும் வெளிச்சத்தையும் துரத்தியே பொழுதைக் கழிக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஆசை இருந்தால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். மேய்ச்சல் வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட வம்சமா என்று கேளுங்கள். வீட்டுக்கு அது இன்னும் கடினம். முடிந்தால் வளர்ந்த நாய் ஒன்றைச் சில வாரங்கள் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். குட்டியாக வாங்கினால் 12 முதல் 15 வருடம் உங்களோடு இருக்கும்.