ஆசிரியர் நியமனம்: பரீட்சைக்கு முன்பே கைநழுவ விடும் தவறுகள்

ஆசிரியராகும் ஆசையும் தகுதியும் உள்ள பலர் கோட்டை விடுவது பரீட்சை மண்டபத்தில் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கு முன்பே, விண்ணப்பத்திலும் ஆவணங்களிலும்தான் விஷயம் பிழைத்துப் போகிறது.

முதலில் வழியைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். இலங்கையில் அரச பாடசாலைக்குள் ஆசிரியராக வரப் பிரதான வழிகள் இரண்டு. உயர்தரப் பெறுபேற்றோடு தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போகலாம். இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி. இல்லாவிட்டால் பட்டம் முடித்து, போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை ஆசிரியர் சேவைக்குள் வரலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘ஆசிரியர் டிப்ளோமா’ முன்பள்ளிக்கோ சர்வதேசப் பாடசாலைக்கோ உதவலாம். அதை மட்டும் வைத்து அரச சேவைக்குள் போக முடியாது. இதைத் தெரியாமல் அம்மாவின் நகையை அடகு வைத்துக் காசு கட்டும் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. பட்டப்படிப்பு என்றாலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு அடுத்த சிக்கல் வதிவிடம். வேலைக்காக வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருப்பீர்கள்; வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ இருக்கும். மாகாணப் பாடசாலை வெற்றிடங்களுக்கான அறிவித்தல்கள் வழமையாக அந்த மாகாணத்தில் நிரந்தர வதிவைக் கேட்கும். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் வாக்காளர் இடாப்புப் பிரதியும்தான் சாட்சி. அறிவித்தல் வந்த பிறகு ஓடித் திரிந்து பயனில்லை. வருடாந்த வாக்காளர் பதிவின்போதே எந்த முகவரி என்று முடிவெடுத்துப் பதிந்துவிடுங்கள்.

பெயர் இன்னொரு தலையிடி. சிலருக்குப் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கும். அதில் ‘சிவகுமார்’, அடையாள அட்டையில் ‘சிவக்குமார்’, பட்டச் சான்றிதழில் ஆங்கில எழுத்து வேறு. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். நேர்முகப் பரீட்சை மேசையில் அதிகாரி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது விளக்கம் சொல்லி நிற்காதீர்கள். திருத்தக்கூடியதை இப்போதே திருத்துங்கள். மற்றதற்குச் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்பி விண்ணப்பிப்பதும் ஆபத்து. வர்த்தமானி அறிவித்தலை முழுதாக, அடிக்குறிப்பு உட்பட வாசியுங்கள். எந்தப் பாடம், எந்த மொழிமூலம், எந்தத் திகதியில் வயதெல்லை கணக்கிடப்படும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஏற்கெனவே அரச பணியில் இருப்பவர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பாடசாலையில் பாடம் எடுப்பவர்களும் சேர்த்து, திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பும்படி கேட்டிருந்தால் அந்தக் கையொப்பத்தை நேரத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பரீட்சைக்கு மாதக்கணக்கில் படிப்பவர்கள், பாடம் நடத்திக் காட்டும் செயன்முறைப் பரீட்சையை ஏனோ லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது சில நிமிடங்கள். வணக்கம், பாட அறிமுகம் என்றே பாதி நேரம் போய்விடும். பின்னம் கற்பிப்பதென்றால் நேரே ஒரு தாளை நான்காக மடித்துக் காட்டுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள், கரும்பலகையில் பெரிதாகத் தெளிவாக எழுதுங்கள். வீட்டில் தம்பி தங்கச்சியை முன்னால் இருத்தி, மணிக்கூட்டைப் பார்த்துப் பழகினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

நியமனம் கிடைத்ததும் சிலர் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். கல்வியியல் பட்டம் இல்லாத பட்டதாரிகளுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பதவி உயர்வுக்குத் தேவைப்படும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் என எல்லாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. தமிழ்மொழிமூல வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.