‘எ பே ஆஃப் பிளட்’ பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

1971இல் மரியோ பாவா எடுத்த இந்த இத்தாலியத் திகில் படத்தைச் சிலர் குப்பை என்பார்கள், சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். திட்டுகிறவர்களில் பாதிப் பேர் படத்தைத் தப்பான இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கியவர்கள் என்பது என் கணிப்பு.

முதல் தவறு, துப்பறியும் மூளையோடு உட்காருவது. கறுப்புக் கையுறை, முகம் தெரியாத ஒரே கொலைகாரன், கடைசியில் முகத்திரை விலகல் என்பது ‘ஜாலோ’ எனப்படும் இத்தாலியக் கொலை மர்மப் படங்களின் வாடிக்கை. இங்கே சக்கர நாற்காலியில் வரும் சீமாட்டியின் கழுத்தில் சுருக்கு விழுகிறது. கொன்றவன் முகத்தை உடனே காட்டிவிடுகிறார் பாவா. நாம் மூச்சு விடுவதற்குள் அவனையும் வேறொருவர் குத்திச் சாய்க்கிறார். விரிகுடா ஓரத்து நிலத்துக்காக நடக்கும் சொத்துச் சண்டை இது. கொலைகள் பதின்மூன்று, கொலைகாரர்களும் பலர். ‘யார் செய்தது?’ என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் தலைவலிதான் மிச்சம்.

‘இது அமெரிக்க ஸ்லாஷர் (ஒருவர் பின் ஒருவராக வெட்டிக் கொல்லும்) படங்களைப் பார்த்துக் காப்பியடித்தது’ என்று எழுதுகிறவர்கள் ஆண்டைக் கவனிப்பதில்லை. அந்த வகையில் பேர்போன ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ வந்தது 1980இல். அதன் இரண்டாம் பாகத்தில் (1981) கட்டிலில் இருக்கும் ஜோடியை ஒரே ஈட்டியால் குத்தும் காட்சி, பாவா பத்து வருடம் முன்பே எடுத்தது.

பட்ஜெட் குறைவு என்றால் வேலையும் மட்டம் என்று முடிவுகட்டுவது இன்னொன்று. கேமராவை நகர்த்தும் டிராலிக்குக் காசில்லாமல் குழந்தைகளின் இழுவண்டியில் வைத்து ஓட்டினார்கள். காடு போதவில்லை என்று லென்ஸ் முன்னால் நாலு கிளைகளை ஆட்டிக் காட்டைக் காட்டினார்கள். ஒளிப்பதிவும் பாவாவே. அந்தக் கொடூர வெட்டுக்காயங்களைச் செய்த கார்லோ ராம்பால்டி, பிறகு ‘ஈ.டி.’ படத்தின் வேற்றுக்கிரகவாசி பொம்மைக்காக ஆஸ்கர் வாங்கினார்!

உதடசைவோடு வசனம் ஒட்டவில்லை என்று குறை சொல்லாதீர்கள். அன்றைய இத்தாலியில் குரலைப் பின்னால் சேர்ப்பதே வழக்கம்.

விமர்சனம் கலவை என்பதால் ‘சுமார் படம்’ என்று சராசரி போடுவதும் சரியல்ல. ரத்தம் அதிகம் என்று முகம் சுளித்தவர்கள் சொன்னது உண்மை. பிரிட்டனில் 1980களில் வழக்குப் பாய்ந்த வீடியோக்களின் பட்டியலிலும் இது இருந்தது. நடுவில் வரும் நாலு இளசுகள் சாவதற்கென்றே வருகிறார்கள், அந்தப் பகுதி எனக்கும் அலுப்புத்தான். ஆனால் கடைசி ஒரு நிமிடம் இருக்கிறதே, அதற்குச் சிரிப்பதா திட்டுவதா என்று இன்னும் தெரியவில்லை. அதை யாரும் சொல்லிக் கெடுப்பதற்குள் பார்த்துவிடுங்கள்.