அக்ரா ஏர்போர்ட்டில் இறங்கப்போகும் நம்மவர்களுக்கு

பெட்டியில் ஊறுகாய் எத்தனை பாட்டில், குக்கர் வைக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் மஞ்சள் அட்டை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது, விமானம் விட்டு இறங்கியதும் குடிவரவு வரிசைக்கு முன்னாலேயே சுகாதாரத் துறைக்காரர்கள் நின்று அதைத்தான் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு ஊசியையும் போட்டுவிடுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொண்டால் கணக்கில் வராது, அரசு அங்கீகரித்த மையமாக இருக்க வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும், 2016 ஜூலையிலிருந்து அப்படித்தான் விதி.

சென்னையிலிருந்து அக்ராவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாறித்தான் வர வேண்டும். இரண்டு விமானங்களுக்கு இடையே பெட்டி தவறிப்போவது உண்டு என்பதால் ஒரு செட் துணி, மாத்திரை, வேலைக் கடிதத்தின் நகல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். உங்களுக்கு வேலை கொடுத்தவரின் பெயர், தங்கும் இடத்தின் முகவரி, ஒரு உள்ளூர் போன் நம்பர் மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துபோய் கவுண்டரில் முழித்துக்கொண்டு நின்ற ஆளை நான் பார்த்திருக்கிறேன், அது நான்தான்.

இப்போது நீங்கள் இறங்கப்போகும் கட்டடம் டெர்மினல் 3. 2018 செப்டம்பரில் திறந்தது, துருக்கி நிறுவனம் ஒன்று கட்டியது, ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்ற கணக்கில். திறந்த அடுத்த மாதமே எமிரேட்ஸ் தன்னுடைய ஏ380 விமானத்தை ஒரு முறை அங்கே இறக்கிக் காட்டியது. அதற்கு முன்னால் வந்தவர்கள் பழைய டெர்மினல் 2 பற்றிச் சொல்லும் கதைகளை (புழுக்கம், நெரிசல், கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் கைகள்) கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நான் வந்தது அந்தக் காலத்தில், என்னை அழைத்துப்போக வேண்டிய வண்டி இரண்டு மணிநேரம் கழித்து வந்தது, அந்த இரண்டு மணிநேரத்தில் கானாவைப் பற்றி நான் எடுத்த முடிவுகள் அத்தனையும் தப்பு.

குடிவரவில் கைரேகை எடுப்பார்கள், எத்தனை நாள் தங்க அனுமதி என்று முத்திரையில் எழுதுவார்கள். அந்த நாள் கணக்கை அங்கேயே பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்காதீர்கள். வேலைக்கு வந்தவர்கள் அதற்குள் வசிப்பு அனுமதி வாங்கியாக வேண்டும், கூடவே வெளிநாட்டவருக்கான கானா கார்டு என்ற அடையாள அட்டையும். வங்கிக் கணக்கிலிருந்து சிம் வரை அந்தக் கார்டு இல்லாமல் நகராது. நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்காமல் வாரம் ஒரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள்.

வெளியே வந்ததும் "அக்வாபா" என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். நல்வரவு என்று பொருள். வந்தவர்களை வரவேற்பதை இங்கே வெறும் பலகையாக வைத்திருக்கவில்லை, முகம் பார்த்துச் சொல்வார்கள், நீங்களும் பதிலுக்கு முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் வேலையைப் பேச வேண்டும். கவுண்டரில் போய் எடுத்த எடுப்பில் "அந்த ஃபார்ம் எங்கே" என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு. இன்னொன்று, இடது கையால் பணமோ பொருளோ நீட்டக் கூடாது, இடது கையை ஆட்டிக் கூப்பிடவும் கூடாது. நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, பாட்டி அடித்துச் சொல்லிக்கொடுத்ததுதான்.

சரி, இந்த ஏர்போர்ட்டின் கதைக்கு வருகிறேன். புதிதாக வருபவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். அக்ராவில் வழி சொல்வதே பெயர்களை வைத்துத்தான், அந்தப் பெயர்களில் பாதி இந்த விமானத்தளத்தைச் சுற்றியே கிடக்கின்றன, அதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் இது பிரிட்டிஷ் விமானப்படையின் தளம், பிறகு அமெரிக்கர்களும் வந்தார்கள். மத்தியதரைக் கடல் வழி ஆபத்தானதால், மேற்கே இருக்கும் துறைமுகமான தக்கோராடியில் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்த போர் விமானங்களைப் பொருத்தி, ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து எகிப்துக்கு ஓட்டிப்போனார்கள். அமெரிக்க விமானங்கள் பிரேசிலிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அக்ராவில் இறங்கி, கார்ட்டூம், ஏடன் வழியாகக் கராச்சி வரை போயின, அங்கிருந்து சீனப் போர்முனைக்கு. அதாவது துணைக்கண்டத்துக்கும் அக்ராவுக்கும் வான்வழி 80 ஆண்டுகளுக்கு முன்னாலேயே போடப்பட்டுவிட்டது, நாம்தான் துபாயில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறோம்.

தளத்துக்கு அருகே இருக்கும் பர்மா கேம்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு ரங்கூன் போய்வந்த எங்கள் தெருத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். 1942இல் நம்மவர்கள் பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தார்கள் இல்லையா, அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதே பர்மாவில் ஜப்பானியர்களோடு சண்டை போட மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 81, 82 என்று இரண்டு டிவிஷன்கள் போயின, அவற்றில் கானாக்காரர்கள் ஏராளம். கானா ராணுவத்தின் தலைமையகத்துக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். வேடிக்கை பார்க்கப் போய் அங்கே போட்டோ எடுத்துவிடாதீர்கள். ராணுவ இடங்களையும் விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதிகளையும் படம் பிடிப்பது வம்பு. ராணுவப் பச்சை வரிவரிச் சட்டை, கால்சட்டை எதுவும் கொண்டுவர வேண்டாம், பொதுமக்கள் போடுவது இங்கே சட்டப்படி குற்றம். குழந்தைகளின் பெட்டியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

போர் முடிந்து தளம் பொதுமக்கள் கைக்கு வந்தது. 1956இல், பின்னாளில் கானாவின் முதல் அதிபரான நுக்ருமாவின் அரசு அதை முறையான விமான நிலையமாக மாற்றத் தொடங்கி, 1958இல் ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கான கட்டடமாக முடித்தது. நடுவில், 1957 மார்ச் 6 அன்று, கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி விடுதலை பெற்றுக் கானாவானது. அந்த விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டுக்குக் காங்கோவின் விடுதலைத் தலைவர் லுமும்பா வந்தார், 1964இல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வந்தார். விடுதலை கேட்ட கண்டத்துக்கே அக்ரா அப்போது ஒரு வாசல். 1958இலேயே தொடங்கிய கானா ஏர்வேஸ் மட்டும் நிலைக்கவில்லை, கடன் மூழ்கடித்து 2004இல் நின்றுபோனது.

இனிமேல்தான் கதையின் கசப்பான இடம். 1966 பிப்ரவரியில் நுக்ருமா அமைதிப் பேச்சுக்காக ஹனோய் கிளம்பினார். அவர் சீனாவை எட்டிய நேரத்தில், 24ஆம் தேதி, இங்கே ராணுவப் புரட்சி. அதன் தலைவர்களில் ஒருவர் இம்மானுவேல் க்வாசி கொட்டோக்கா. நுக்ருமா உயிரோடு ஊர் திரும்பவே இல்லை, கினியாவில் அடைக்கலமாக இருந்து 1972இல் ருமேனியாவில் இறந்தார். கொட்டோக்காவுக்கும் காலம் கொடுத்துவைக்கவில்லை. 1967 ஏப்ரல் 17 அன்று நடந்த எதிர்ப்புரட்சி முயற்சியில் இளம் அதிகாரிகள் சிலர் அவரைப் பிடித்து விமான நிலையத்துக்கு அருகே சுட்டுக் கொன்றார்கள், முயற்சி அன்றே தோற்றது. முகப்பில் அவருக்குச் சிலை வைத்தார்கள், 1969இல் நிலையத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். கட்டியவர் நுக்ருமா, வைத்த பெயர் அவரைக் கவிழ்த்தவருடையது. இதை மாற்ற வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறது, கூடாது என்ற குரலும் கேட்டுவந்திருக்கிறது. என் யோசனை, வந்த புதிதில் இந்தப் பேச்சில் தலையிடாதீர்கள். இதற்குள் கட்சி, இனக்குழு எல்லாம் இருக்கின்றன. கேளுங்கள், தலையாட்டுங்கள். பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் டாக்சிக்காரரிடம் "ஏர்போர்ட்" என்றால் போதும்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். அக்ராவில் ஏர்போர்ட் என்பது விமானம் ஏறும் இடம் மட்டும் இல்லை, ஒரு பேட்டையே. ஏர்போர்ட் ரெசிடென்ஷியல் என்று பணக்கார வீதிகள், ஏர்போர்ட் சிட்டி என்று ஓட்டல்களும் அலுவலகங்களும். "நான் ஏர்போர்ட்டில் இருக்கிறேன்" என்று உங்கள் மேலாளர் சொன்னால் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். ஊரின் நடுவிலேயே நிலையம் இருப்பதால், வரைபடத்தில் அதை நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டால் திசை சுலபமாகப் பிடிபடும். வடக்கே டெட்டே குவாஷி சந்திப்பும் அக்ரா மாலும், அதைத் தாண்டி ஈஸ்ட் லெகான். கிழக்கே ஸ்பின்டெக்ஸ், அப்படியே போனால் டெமா. தெற்கே கன்டோன்மென்ட்ஸும் கடற்கரைப் பக்க லபாடியும். டெட்டே குவாஷி யார் என்றால், 1879இல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதை கொண்டுவந்தவர். நீங்கள் சாப்பிட்ட சாக்லேட்டில் அவருக்கும் பங்கு இருக்கலாம்.

ஏர்போர்ட்டிலிருந்து நகரத்தை நோக்கி லிபரேஷன் சாலையில் வந்தால் "தேர்ட்டி செவன்" என்று ட்ரோட்ரோ மேட் கூவும் நிறுத்தம் வரும். ட்ரோட்ரோ நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் ஒன்று, மேட் என்றால் கண்டக்டர். 37 என்பது போர்க்காலத்தில் பிரிட்டிஷார் திறந்த 37ஆம் எண் ராணுவ மருத்துவமனை. அங்கிருக்கும் மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். ஒரு தலைவர் நோயாளியாக அங்கே வந்து இறந்துபோனார், அவரோடு வந்த வௌவால்கள் அவரை அழைத்துப்போக இன்னும் காத்திருக்கின்றன என்பது ஊர்க்கதை. சாயங்காலம் அவை கிளம்பும் நேரத்தில் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள், குடையோடு.

முதல் நாள் ட்ரோட்ரோ வேண்டாம். போல்ட், ஊபர், யாங்கோ மூன்றும் ஓடுகின்றன. நிலையத்தின் டாக்சி என்றால் ஏறுவதற்கு முன்பே விலையைப் பேசுங்கள், நம் ஊர் ஆட்டோவில் பேசிப் பழகிய வாய்க்கு இது கஷ்டமில்லை, ஆனால் சிரித்துக்கொண்டு பேசுங்கள். முகவரிக்குக் கதவு எண் கேட்டால் பல வீடுகளுக்கு இருக்காது. 2017இல் கொண்டுவந்த கானாபோஸ்ட் ஜிபிஎஸ் எண் ஒவ்வொரு இடத்துக்கும் உண்டு, உங்கள் வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பணம் சீடி. சோழி என்ற அக்கான் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கிய சோழிகளில் பெரும் பகுதி நமக்குப் பக்கத்து மாலத்தீவிலிருந்து போனவை. 2007இல் 10,000 பழைய சீடியை ஒரு புதிய சீடியாக்கினார்கள், வயதான வியாபாரிகள் சிலர் இன்னும் பழைய கணக்கில் லட்சமாகச் சொல்வார்கள், பதறாதீர்கள். சிம் வாங்கியதும் மோமோ, அதாவது மொபைல் மணி, கணக்கைத் தொடங்குங்கள், தக்காளிக்காரம்மாவிலிருந்து வீட்டு வாடகை வரை போனில்தான் போகிறது. மலிவு விலையில் தங்கம், அதுவும் பொடியாக, கட்டியாக இருக்கிறது என்று எவராவது நட்பாகப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். தங்கம் என்றால் நம் காது கொஞ்சம் நீளும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வெண்டை, கத்திரி, வாழைக்காய், மரவள்ளி, தேங்காய், முருங்கைக் கீரை எல்லாம் உண்டு. உளுந்துக்கும் பொன்னி அரிசிக்கும்தான் இந்தியக் கடைக்குப் போக வேண்டும். காலையில் தெருவோரம் இலையில் கட்டித் தரும் வாச்சே, சோறும் காராமணியும் சேர்த்து வேகவைத்தது, அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். சைவர்கள் அதோடு ஊற்றும் குழம்பை மட்டும் விசாரிக்கவும், மீன் எங்கிருந்தாவது எட்டிப்பார்க்கும். கோயிலுக்கு, ஒடொர்கோரில் இந்து மடம் இருக்கிறது. 1975இல் அதைத் தொடங்கிய சுவாமி கானானந்த சரஸ்வதி கானாவிலேயே பிறந்தவர், அங்கே பஜனை பாடுகிறவர்களிலும் உள்ளூர்க்காரர்கள் நிறைய.

மாதம் பார்த்து வருவது உங்கள் கையில் இருந்தால் டிசம்பரைத் தவிர்க்கலாம். 2019ஐத் "திரும்பி வரும் ஆண்டு" என்று அரசு அறிவித்து வெளிநாட்டு ஆப்பிரிக்க வம்சாவளியினரை அழைத்ததிலிருந்து டிசம்பர் கொண்டாட்டம் பெருகிக்கொண்டே போகிறது, டிக்கெட்டும் வாடகையும் கூடவே ஏறுகின்றன. அதே பருவத்தில் சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். சூரியனே மங்கிவிடும், குமாசி, தமாலே போகும் உள்ளூர் விமானங்கள் தாமதமாகும், ரத்தும் ஆகும். அந்த மாதங்களில் உள்ளூர் விமானத்தையும் வெளிநாட்டு விமானத்தையும் ஒரே நாளில் கோத்து டிக்கெட் போடாதீர்கள்.

கடைசியாக மலேரியா. நம் ஊரில் பார்த்ததைவிட இங்கே பெரும்பாலும் வருவது கடுமையான வகை. கொசுவலை கட்டுங்கள், காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தாலும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார். அப்புறம் அந்த மஞ்சள் அட்டை. வந்ததும் எங்காவது போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். திரும்பிப் போகும்போது சென்னையிலும் கேட்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆறு நாளைத் தனிமை முகாமில் கழிக்க நேரிடும்.