பூனைக்கு வயிறு சரியாகவே இல்லையா?

மூன்று வாரம் தாண்டியும் பூனைக்குப் பேதி நிற்கவில்லை என்றால் முதலில் தட்டைப் பாருங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் மிஞ்சிய மீன்குழம்புச் சோறுதான் பூனைக்கு. அதிலுள்ள உள்ளியும் (வெங்காயமும்) பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். பாலும் வேண்டாம்; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது.

உப்பில்லாமல் வேகவைத்த, தோல் நீக்கிய கோழிநெஞ்சை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சில நாளைக்கு மட்டும்தான். வெறும் இறைச்சியில் கால்சியம் போதாது. பிறகு பூனைத்தீவனத்துக்கு 7 முதல் 10 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் மறுபடி பேதிதான்.

குணமில்லையா? அன்றைய மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பேதிக்குக் காரணமாகும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, ஒரு முறை எடுத்த மலத்தில் சிக்காமலும் போகலாம். பல்லி, ஓணான் பிடிக்கும் பூனை என்றால் அதையும் சொல்லுங்கள். அதனால் வரும் ஈரல் புழு சாதாரணப் பூச்சி மருந்தின் அளவுக்கு அடங்காது.

மனிதர் மாத்திரை எதுவும் கூடாது, பாரசிட்டமால் கொன்றேவிடும். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, ஈறு மஞ்சளித்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.