இஎஸ்ஆர், சிஆர்பி: ரிப்போர்ட்டைப் படிப்பதில் நேரும் தவறுகள்

மூட்டுவாதம் போன்ற நோய்களில் உடலில் அழற்சி எவ்வளவு என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் இவை இரண்டும். இஎஸ்ஆர் என்பது குழாயில் ரத்தச் சிவப்பணுக்கள் கீழே படியும் வேகம்; சிஆர்பி என்பது அழற்சியின்போது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். முதலில் யூனிட்டைப் பாருங்கள். ஒரு லேபில் சிஆர்பி 1.8 என்றும், அடுத்த மாதம் இன்னொரு லேபில் 18 என்றும் வந்தால் பதற வேண்டாம். முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் இரண்டும் ஒரே அளவுதான். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

இஎஸ்ஆர் 40 என்றதும் வாதம் முற்றிவிட்டதாக நினைப்பது அடுத்த தவறு. ரத்தசோகை, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு எல்லாமே இதை ஏற்றும். வயதும் ஏற்றும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்பது தோராயமான மேல்வரம்பு. ஆக, 70 வயதுப் பாட்டிக்கு 40 வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. லேபிலும் பிசகும்: குழாய் 3 டிகிரி சாய்ந்து நின்றாலே அளவு கூடிவிடும், எடுத்த ரத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் குறைத்துக் காட்டும்.

இரண்டும் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை. சிஆர்பி சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் அடங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இஎஸ்ஆர் இறங்க வாரக்கணக்கில் ஆகும். சிஆர்பி குறைந்து இஎஸ்ஆர் மட்டும் இறங்காமல் நின்றால், மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சளி, பல் சீழ் இருக்கும் வாரத்தில் எடுத்த சிஆர்பியை வைத்து மூட்டின் நிலையைச் சொல்ல முடியாது.

நார்மல் ரிப்போர்ட்டும் ஏமாற்றும். முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு இரண்டுமே வரம்புக்குள் இருக்கும். விரல் மூட்டு வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் மடக்க முடியவில்லை என்றால் அதற்குத்தான் மதிப்பு அதிகம். முடக்குவாதத்தைக் கண்டறிய எடுக்கும் ஆர்ஏ ஃபேக்டர் அழற்சியை அளக்கும் சோதனையே இல்லை. அதை மாதாமாதம் எடுப்பது வீண் செலவு.

லூபஸில் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் ஒரு நோய்) இஎஸ்ஆர் ஏறினாலும் சிஆர்பி பெரும்பாலும் அதிகம் ஏறாது. அங்கே சிஆர்பி திடீரென்று எகிறினால் முதலில் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, முடக்குவாதத்துக்கான டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களின் சிஆர்பியை நம்புவது. கல்லீரலை சிஆர்பி தயாரிக்கத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தை இந்த மருந்து தடுத்துவிடும். நிமோனியா வந்தாலும் சிஆர்பி நார்மலாக இருக்கலாம், காய்ச்சலும் அடங்கித் தெரியலாம். மூச்சுத்திணறலோ குளிரோ வந்து எமர்ஜென்சிக்குப் போனால், கடைசி ஊசி போட்ட தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.