சிக்கிமுக்கிப் பெட்டியும் ஒரு படமும்: லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும் விதம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். அங்கன்வாடிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகளுக்குப் படம் போடுவேன். திரும்பத் திரும்பப் போடுவது, சிப்பாய் ஒருவன் சூனியக்காரியைச் சந்திக்கும் 1959-ஆம் ஆண்டு கிழக்கு ஜெர்மனிப் படம், ‘டாஸ் ஃபாயர்சாய்க்’, அதாவது ‘சிக்கிமுக்கிப் பெட்டி’. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1835-இல் வெளியிட்ட கதை அது. நீங்களும் போடுவதாக இருந்தால் முந்தின நாளே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை, பெட்டி. லைட்டரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தீமூட்டும் பழைய பெட்டிக்காக அந்தச் சூனியக்காரக் கிழவி ஏன் இத்தனை பாடுபடுகிறாள் என்று புரியாது. பழைய பருத்தி வேட்டியை உள்ளங்கை அளவுக்குக் கிழித்துத் தகர டப்பாவில் போடுங்கள். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, இறுக மூடித் தணலில் வையுங்கள். ஓட்டை வழியே வரும் புகை நின்றதும் எடுத்துவிடலாம். ஆறும்வரை மட்டும் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் சாம்பலாகிவிடும். சரியாக வந்த துணி கன்னங்கரேலென்று, நெசவு கலையாமல் இருக்கும். அதை வெங்கச்சங்கல்லின் கூரான விளிம்போடு சேர்த்துப் பிடித்து, தேய்ந்த அரத்தால் சீவுகிற மாதிரி அடியுங்கள். பொறி விழுந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றி மெல்ல ஊர்ந்து பரவும். காய்ந்த தேங்காய் நாருக்குள் வைத்து ஊதினால் தீ. நம் ஊர் ஈரத்தில் துணி சீக்கிரம் நமுத்துவிடும், அதனால் டப்பாவை அடுப்பு மேடையிலேயே வைத்திருங்கள்.

அப்புறம் கதை. ஜெர்மன் வசனத்தை வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் திரையை விட்டு உங்கள் வாயைப் பார்ப்பார்கள். முன்பே முழுக்கச் சொல்லிவிடுங்கள். கிழவி சிப்பாயை இறக்கிவிடும் மரப்பொந்துக்குள் காசைக் காக்கும் மூன்று நாய்கள். முதல் நாயின் கண் டீக்கோப்பை அளவு. கோப்பையைத் தூக்கிக் காட்டினால் போதும். அடுத்ததற்கு ஆலைச் சக்கரம். நான் ஃபேக்டரியில் இலை வாட்டும் பெரிய ஃபேனைச் சொல்வேன். மூன்றாவது நாயின் கண் கோபன்ஹேகனின் வட்டக் கோபுரம் அளவு. அதை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள்.

கிழவியின் தொங்கும் உதட்டை நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள். எங்கள் லயத்திலும் தனியாக இருக்கும் வயதான அம்மாக்கள் படம் பார்க்க வருகிறார்கள். ஆண்டர்சனின் கதையில் அவள் காசு முழுவதையும் சிப்பாய்க்கே விட்டுவிடுகிறாள். கேட்டது அவளுடைய பாட்டி மறந்து வைத்துவிட்டு வந்த பெட்டியை மட்டும். எதற்கு என்று சொல்ல மறுத்ததும் அவன் அவள் தலையை வெட்டிவிடுகிறான். இதை மழுப்பாதீர்கள், சிப்பாய்க்காக வக்காலத்தும் வாங்காதீர்கள். போன மாதம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், அது அவங்க பாட்டியோடதுதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டேன்.

படம் முடிந்ததும் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.